பேரதிர்ச்சிக்குப் பின் மூளையில் நிகழ்வது என்ன? வளர்ச்சிக் காரணிகளை மாற்றும் ஹார்மோன் வகை மருந்துகள் - ஒரு விளக்கம்

நிலநடுக்கம், பெருவெள்ளம், சாலை விபத்து, வன்முறை போன்ற பேரதிர்ச்சிகளில் உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் ஒரு பகுதியினருக்கு அந்த நிகழ்வு முடிவுக்கு வருவதே இல்லை. உறக்கத்தில் அதே காட்சி, சிறு ஒலிக்கும் திடுக்கிடல், நிகழ்விடத்தை நெருங்கவும் அச்சம் என மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அது தொடர்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு எனப்படும் இந்நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டு தனது நோய்க் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தது.

அதிர்ச்சி நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்து இக்கோளாறு வேரூன்றாமல் தடுக்க முடியுமா என்ற கேள்வி, கடந்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் ஆராயப்பட்டு வருகிறது. இதில் முதன்மையாகப் பேசப்படுபவை ஹார்மோன்களைப் போலச் செயல்படும் ஸ்டீராய்டு மருந்துகள். அவை மூளையின் வளர்ச்சிக் காரணிகளை மாற்றியமைப்பதன் மூலம் நன்மை செய்யக்கூடும் என்று கருதப்படுகிறது. அந்த மாற்றம் மூளையின் எந்தப் பகுதியில், எந்த நேரத்தில், எந்த அளவில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையா, தீமையா என்பது அமையும்.

வளர்ச்சிக் காரணி என்பது என்ன?

நரம்பணுக்கள் உயிர் வாழவும், கிளை விடவும், ஒன்றோடொன்று இணைப்பு ஏற்படுத்திக் கொள்ளவும் உதவும் புரதங்களே நரம்பு வளர்ச்சிக் காரணிகள். இவற்றில் முதலாவதைக் கண்டறிந்த ரீட்டா லெவி மோன்டால்சினி, ஸ்டான்லி கோஹன் ஆகியோருக்கு 1986-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டாவது காரணியை பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்து, 1982-ஆம் ஆண்டு ஈவ் அலன் பார்ட், ஹான்ஸ் தோனன் குழுவினர் வெளியிட்டனர். மூளைசார் நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே பிடிஎன்எஃப்.

இப்புரதம், நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள டிரக்-பி என்ற ஏற்பியில் பொருந்தும்போது, அணுவின் கிளைகள் நீள்கின்றன. கிளைகளின் மீது முள் போல முளைத்துள்ள சிறு புடைப்புகள் பெருகுகின்றன. இந்த முட்களே பெரும்பாலான நரம்பு இணைப்புகள் அமையும் இடங்கள். கற்றலும் நினைவும் இவற்றைச் சார்ந்தே உள்ளன. அதே புரதத்தின் முதிராத வடிவம் வேறோர் ஏற்பியில் பொருந்தி இணைப்புகளைச் சுருக்கும் பணியைச் செய்கிறது. எனவே வளர்ச்சிக் காரணியின் அளவை மட்டும் கொண்டு அதன் விளைவைக் கணித்துவிட முடியாது.

அழுத்த ஹார்மோனின் வழித்தடம்

ஆபத்தை உணர்ந்தவுடன் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்டிசோல் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. எலிகளில் இதே பணியைச் செய்வது கார்டிகோஸ்டீரோன். இது உடலுக்கு உடனடி ஆற்றலைத் தருவதுடன், ஆபத்து நீங்கியதும் அழுத்த எதிர்வினையை நிறுத்தும்படி மூளைக்குத் திருப்பிச் செய்தியும் அனுப்புகிறது.

இந்த ஹார்மோன் மூளைக்குள் சென்று, நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் குவிகிறது என்பதை அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர் புரூஸ் மெக்வென் 1968-ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார். அங்கு இரண்டு வகை ஏற்பிகள் அதற்காகக் காத்திருக்கின்றன. ஒன்று, ஹார்மோன் குறைவாக இருக்கும்போதே அதனைப் பற்றிக் கொள்ளும். மற்றொன்றின் ஈர்ப்பு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே என்பதால், ஹார்மோன் பெருகும்போதுதான் அது முழு அளவில் செயல்படத் தொடங்கும். அமைதியான நேரத்தில் முதல் வகையும், கடும் அழுத்தத்தின்போது இரண்டாம் வகையும் மேலோங்குகின்றன. ஒரே ஹார்மோன் வெவ்வேறு அளவில் நேரெதிரான விளைவுகளைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலிகளை அசையவிடாமல் கட்டுப்படுத்தி அழுத்தத்துக்கு உள்ளாக்கினால், ஹிப்போகாம்பஸில் பிடிஎன்எஃப் உற்பத்திக்கான மரபணுச் செய்தி குறைகிறது என்று 1995-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. கார்டிகோஸ்டீரோனை மட்டும் செலுத்தினாலும் அதே போன்ற குறைவு காணப்பட்டது. அதே ஆண்டில், மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் தொடர்ந்து பெற்ற எலிகளில் பிடிஎன்எஃப் உயர்வதை யேல் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டறிந்தனர். அழுத்தம் வளர்ச்சிக் காரணியைக் குறைக்கிறது, மருந்து அதனை மீட்கிறது என்ற எளிய விளக்கம் இவ்வாறு நிலைபெற்றது.

பெங்களூரு ஆய்வு காட்டிய மறுபக்கம்

அந்த விளக்கம் முழுமையானதன்று என்பதைக் காட்டியதில் பெங்களூருவில் நடந்த ஆய்வுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திர சட்டர்ஜி குழுவினர், நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளருடன் இணைந்து 2002-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாள்தோறும் 2 மணி நேரம் வீதம் 10 நாள்கள் அசையாமல் கட்டுப்படுத்தப்பட்ட எலிகளின் மூளையில் இரண்டு பகுதிகளை அவர்கள் ஒப்பிட்டனர். ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கியிருந்தன. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ அவை வளர்ந்திருந்தன.

வளர்ச்சிக் காரணியும் இதே போக்கில் மாறுகிறது என்பதை அம்மையத்தின் 2012-ஆம் ஆண்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. தொடர் அழுத்தத்தால் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் பிடிஎன்எஃப் குறைந்தது, அமிக்டலாவில் அதிகரித்தது. அழுத்தம் நீங்கி 21 நாள்களுக்குப் பின் ஹிப்போகாம்பஸில் அதன் அளவு இயல்புக்குத் திரும்பியது. அமிக்டலாவில் உயர்ந்த அளவு அப்போதும் குறையவில்லை. ஒரே ஒரு முறை, 2 மணி நேர அழுத்தத்துக்கு மட்டும் உள்ளான எலிகளிலும் அமிக்டலாவில் பிடிஎன்எஃப் மறுநாளே உயர்ந்து, 10 நாள்களுக்குப் பின்னும் அவ்வாறே நீடித்தது. அந்த 10-ஆம் நாளில்தான் அங்கு முட்களின் எண்ணிக்கையும் பெருகியிருந்தது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு பலருக்கு உடனே தோன்றாமல் நாள்கள் கடந்து வெளிப்படுவதை இது நினைவூட்டுகிறது. வளர்ச்சிக் காரணி எல்லா இடத்திலும் நன்மை செய்வதில்லை என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. நினைவுப் பகுதியில் அது கற்றலை வளர்க்கிறது; அச்சப் பகுதியில் அதே காரணி அச்சத்தை வேரூன்றச் செய்யக்கூடும். மூளை முழுவதும் பிடிஎன்எஃப் அளவை உயர்த்தும் மருந்தை எளிய தீர்வாகக் கருத முடியாததற்கு இதுவே காரணம்.

அதே ஹார்மோன் காப்பதும் உண்டு

பெங்களூரு குழுவினர் தங்கள் சோதனைகளில் ஒரு முரணைக் கவனித்தனர். அழுத்தத்துக்கு உள்ளாக்கும் முன் வெறும் ஊசி போடப்பட்ட எலிகளில், பின்னாளில் தோன்ற வேண்டிய பதற்றம் குறைவாக இருந்தது. அந்த ஊசியால் கார்டிகோஸ்டீரோன் சற்றே உயர்ந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதி, அவர்கள் ஹார்மோன் அளவைத் திட்டமிட்டு உயர்த்திச் சோதித்தனர். அழுத்தத்தின்போது ஹார்மோன் உயர்ந்திருந்த எலிகளின் அமிக்டலாவில் 10 நாள்களுக்குப் பின் முட்கள் பெருகவில்லை, பதற்றமும் கூடவில்லை. மெக்வெனும் பங்கேற்ற இந்த ஆய்வு 2012-ஆம் ஆண்டு வெளியானது. அதிர்ச்சிக்குப் பிறகு குடிநீரில் கலந்து ஹார்மோன் கொடுத்தாலும் அமிக்டலா மாற்றங்களைத் தடுக்க முடியும் என்று 2020-ஆம் ஆண்டு அதே குழுவினர் தெரிவித்தனர்.

இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹகித் கோஹன், மனநல மருத்துவர் ஜோசப் ஜோஹர் ஆகியோரின் ஆய்வு இதற்கு மற்றொரு சான்று. வேட்டை விலங்கின் வாடையால் அச்சுறுத்தப்பட்ட எலிகளுக்கு ஒரு மணி நேரத்தில் கார்டிகோஸ்டீரோன் அதிக அளவில் ஒருமுறை செலுத்தப்பட்டது. பின்னர் பரிசோதித்தபோது, ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் நரம்பணுக் கிளைகள் நீண்டிருந்தன. பிடிஎன்எஃப் அளவும் உயர்ந்திருந்தது. கோளாறைப் போன்ற நடத்தையும் குறைந்திருந்தது.

தொடர்ந்து பெருகும்போது நினைவுப் பகுதியைச் சுருக்கும் ஹார்மோன், உரிய நேரத்தில் ஒருமுறை கிடைக்கும்போது அதனைக் காக்கிறது. இந்த ஹார்மோன் வகை மருந்து சில மணி நேரத்துக்குள் டிரக்-பி ஏற்பியை நேரடியாகவே செயல்படத் தூண்டக்கூடும் என்பதை 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. குறுகிய காலத் தூண்டலும் நீண்ட காலச் சுமையும் வெவ்வேறு விளைவுகளைத் தருவதை விளக்க இது உதவுகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் குஸ்டாவ் ஷெல்லிங் குழுவினர், கடும் தொற்று அதிர்ச்சியால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து உயிர் பிழைத்தவர்களை ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். கார்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் பெற்ற 9 பேரில் ஒருவருக்கு மட்டுமே பின்னாளில் பேரதிர்ச்சிக் கோளாறு இருந்தது. போலி மருந்து பெற்ற 11 பேரில் 7 பேருக்கு அது காணப்பட்டது.

ஜோஹர், கோஹன் குழுவினர் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பேரதிர்ச்சிக்கு உள்ளான 25 பேர் இடம்பெற்றனர். நிகழ்வு நடந்த 6 மணி நேரத்துக்குள் 100 முதல் 140 மில்லி கிராம் ஹைட்ரோகார்டிசோன் நரம்பு வழியாக ஒருமுறை செலுத்தப்பட்டவர்களுக்குப் பின்னாளில் கோளாறு தோன்றும் வாய்ப்பு குறைந்தது.

இரண்டும் மிகச் சிறிய ஆய்வுகள். அவற்றின் அடிப்படையில் இச்சிகிச்சை எங்கும் வழக்கமான நடைமுறையாகிவிடவில்லை. விலங்குகளிடம் நம்பிக்கை அளித்த ஹார்மோன் மருந்துகள் பெரிய சோதனைகளில் தோல்வியடைந்த வரலாறும் மருத்துவர்களை எச்சரிக்கிறது. தலைக்காயம் அடைந்த 10,008 பேரிடம் நடத்தப்பட்ட கிராஷ் என்ற பன்னாட்டுச் சோதனையின் முடிவுகள் 2004-ஆம் ஆண்டு வெளியாகின. மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரங்களுக்குள் உயிரிழந்தனர். போலி மருந்து பெற்றவர்களில் இது 17.9 சதவீதம். அதுவரை பல நாடுகளில் வழக்கத்தில் இருந்த ஒரு சிகிச்சை, உயிரிழப்பை அதிகரித்தது அப்போதுதான் தெரியவந்தது. தலைக்காயத்துக்கு புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளும் 2014-ஆம் ஆண்டு பலனின்றி முடிந்தன.

தலைக்காயமும் மன அதிர்ச்சியும் ஒன்றல்ல. ஆயினும் விபத்தில் சிக்கியவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நேரிடலாம். அவ்வாறான நேரத்தில் ஸ்டீராய்டு கொடுப்பது குறித்த முடிவு மருத்துவமனையில் மருத்துவரால் மட்டுமே எடுக்கப்பட வேண்டும் என்பதற்கு இந்தப் புள்ளிவிவரமே போதுமான காரணம்.

ஒரே குடும்பம், வெவ்வேறு குணம்

ஸ்டீராய்டு என்ற பெயரில் வழங்கும் மருந்துகள் அனைத்தும் மூளையில் ஒரே விதமாகச் செயல்படுவதில்லை. ஹைட்ரோகார்டிசோன், உடல் சுரக்கும் கார்டிசோலே என்பதால் மேற்கூறிய இரு வகை ஏற்பிகளிலும் பொருந்துகிறது. டெக்சாமெதசோன் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அது பெரும்பாலும் இரண்டாம் வகை ஏற்பியில் மட்டுமே செயல்படுகிறது. குறைந்த அளவில் கொடுக்கும்போது, மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள புரதம் ஒன்று அதனை வெளியே தள்ளிவிடுகிறது. அதேநேரம் அது பிட்யூட்டரியைத் தடுத்து, உடலின் சொந்தக் கார்டிசோல் சுரப்பை நிறுத்துகிறது. இதனால் மூளை, இயல்பாகக் கிடைக்க வேண்டிய ஹார்மோனையும் இழக்க நேரிடுகிறது.

அதிர்ச்சிக்கு உள்ளானவரை அமைதிப்படுத்த டயசபாம் போன்ற பென்சோடயசிபின் வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இவை ஸ்டீராய்டு அல்ல. எனினும் இயற்கையான அழுத்த எதிர்வினையை அடக்கி, மீட்சிக்குத் தேவையான கார்டிசோல் உயர்வையும் தடுக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். பேரதிர்ச்சி நிகழ்ந்த முதல் மாதத்தில், அதனால் உண்டாகும் அறிகுறிகளுக்கு இம்மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அறிவுறுத்தியது.

மூளையே உருவாக்கும் ஸ்டீராய்டுகள்

மூளை சில ஸ்டீராய்டுகளைத் தானே தயாரித்துக் கொள்கிறது. பிரான்ஸ் விஞ்ஞானி எத்தியேன் எமில் போலியூ இவற்றுக்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயரிட்டார். இவற்றில் முக்கியமானது, புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன். நரம்பணுக்களின் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளின் செயலை இது வலுப்படுத்துகிறது.

தனிமையில் அடைக்கப்பட்ட எலிகளில் இந்த ஸ்டீராய்டு குறைகிறது. அதனுடன் பிடிஎன்எஃப் அளவும் குறைகிறது. ஸ்டீராய்டை மீட்டால் வளர்ச்சிக் காரணியும் மீளக்கூடும் என்ற கருத்து இதனடிப்படையில் முன்வைக்கப்பட்டுள்ளது. பேரதிர்ச்சிக் கோளாறு உள்ள பெண்களின் மூளைத் தண்டுவட நீரில் இது குறைவாக இருப்பதாக 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று தெரிவித்தது.

கர்ப்ப காலத்தில் அலோபிரெக்னனோலோன் பெருமளவு உயர்ந்து, மகப்பேறுக்குப் பின் திடீரெனச் சரிகிறது. மகப்பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு இந்த வகை மருந்துகள் உருவாக்கப்பட்டதற்கு இதுவே அடிப்படை. 60 மணி நேரம் நரம்பு வழியாகச் செலுத்தப்படும் பிரெக்சனோலோன் மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-ஆம் ஆண்டு அனுமதி அளித்தது. 14 நாள்கள் மட்டும் உட்கொள்ள வேண்டிய சுரானோலோன் மாத்திரை 2023-ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. அதனை உட்கொண்ட பின் 12 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. பேரதிர்ச்சிக் கோளாறுக்கான மருந்தாக இவை அனுமதிக்கப்படவில்லை.

இரத்தப் பரிசோதனையால் அறிய முடியுமா?

வளர்ச்சிக் காரணியின் அளவை இரத்தப் பரிசோதனை மூலம் அறிந்து மன அழுத்தத்தைக் கணிக்கலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இரத்தத்தில் உள்ள பிடிஎன்எஃப், பெரும்பாலும் இரத்தத் தட்டணுக்களில் சேமிக்கப்பட்டுள்ளது. மூளையின் எந்தப் பகுதியில் அது கூடியுள்ளது, எங்குக் குறைந்துள்ளது என்பதை அந்த அளவு காட்டாது. ஹிப்போகாம்பஸில் குறைந்து அமிக்டலாவில் கூடும் ஒரு காரணிக்கு ஒற்றை எண்ணைப் பொருத்துவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். பிடிஎன்எஃப் அளவை உயர்த்துவதாகக் கூறி விற்கப்படும் ஊட்டச்சத்துப் பொருள்களையும் இதே அளவுகோலில் மதிப்பிட வேண்டும்.

மருந்தின்றி வளர்ச்சிக் காரணியை உயர்த்தும் வழிகளில் நன்கு ஆராயப்பட்டது உடற்பயிற்சி. அமெரிக்காவில் முதியோர் 120 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வாரத்துக்கு 3 நாள்கள் வீதம் ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. இது முதுமை குறித்த ஆய்வே தவிர, பேரதிர்ச்சிக்கான சிகிச்சை குறித்தது அன்று.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

டெக்சாமெதசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் இந்தியாவில் விலை குறைந்தவை. மருத்துவர் சீட்டின்றி அவற்றை வாங்கி உட்கொள்வோரும் உள்ளனர். கரோனா பரவலின்போது, 2021-ஆம் ஆண்டில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கு, கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயுடன் ஸ்டீராய்டுகளின் முறையற்ற பயன்பாடும் ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. நீண்ட நாள்கள் உட்கொண்டால் உறக்கமின்மை, மனநிலை மாற்றம், சர்க்கரை அளவு உயர்வு, எலும்புத் தேய்மானம் ஆகியவை ஏற்படலாம். ஏற்கெனவே நீண்ட நாள்களாக உட்கொள்பவர்கள் அதனைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். அளவைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

ஆய்வகத்தில் பலன் தந்தது, குறிப்பிட்ட நேரத்தில் அளவறிந்து ஒருமுறை கொடுக்கப்பட்ட ஹார்மோன். அதனை முன்னுதாரணமாகக் கொண்டு, மன வேதனைக்கு ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக உட்கொள்வதற்கு எந்த அறிவியல் ஆதரவும் இல்லை.

பேரதிர்ச்சிக் கோளாறுக்கு இன்று உறுதியான சான்றுகளுடன் பரிந்துரைக்கப்படுவது, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சை. தேவைப்படுவோருக்கு மனச்சோர்வு மாத்திரைகளும் அளிக்கப்படுகின்றன. அதிர்ச்சி நிகழ்ந்த முதல் நாள்களில் பாதுகாப்பான இடம், உறவினரின் அருகாமை, போதிய உறக்கம் ஆகியவையே முதலுதவி. ஒரு மாதத்துக்குப் பின்னும் அறிகுறிகள் தொடர்ந்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தொடர்பு கொள்ளலாம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஆலோசனை வழங்கப்படுகிறது.